சம்பந்தி அனுப்பிய தூண்டில்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. உன்னுடைய மூன்று கடிதங்கள் சமையலறை அலுமாரியில், உப்புப் போத்தலுக்குப் பின்னால், பதில் இல்லாமல் கிடக்கின்றன. நீ தொலைபேசி எடுத்த போதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் ஒரு மனிதன் இத்தனை தரம் குளித்தால் அவனுக்குச் செதிள் முளைக்கும் என்று உன் அம்மா சொன்னாள். சொன்ன விதத்தில் ஒரு குத்தல் இருந்தது. அந்தக் குத்தல் என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன். மிச்சத்தை நீ வாசிக்காமல் கிழித்துப் போட்டாலும் இதாவது உன்னிடம் வந்து சேரட்டும். நீ கட்டப் போகிற ரேச்சலை எனக்குப் பிடிக்கும். அவளுடைய படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மாதாவுக்கும் ஆட்சேபனை இருப்பதாகத் தெரியவில்லை. நான் வாய் மூடி இருந்ததற்கு அவளோ அவளுடைய சனமோ காரணம் இல்லை. காரணம், அவளுடைய தகப்பன் எனக்கு அனுப்பின தூண்டில்.

அவளை நீ சந்தித்த கதை இங்கே இத்தாலியில் எங்கள் கோயில் சனம் எல்லாருக்கும் தெரியும். பரப்பினது நான்தான். பலெர்மோவில் ஓட்டல் பள்ளிக்கூடத்தில் சமையல் படித்த பிள்ளை, வட கரோலினா மலைக்குள் ஓர் ஓட்டல் அடுப்படிக்குப் போகிறான். திங்கட்கிழமை ஓய்வு. மற்றப் பிள்ளைகள் ஓய்வு நாளில் படம் பார்ப்பார்கள்; இவன் பக்கத்தில் அமெரிக்க ஆதிக்குடிகளான செரோக்கி மக்களின் நிலத்தில் ஓடுகிற மலை ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறான். விற்கிறதற்கு இல்லை, சும்மா, பொழுது போக! கடலில் பிழைத்த உன் பெரியப்பாமார் கேட்டிருந்தால் உன்னைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். மாநிலம் தருகிற சீட்டு அந்த ஆறுகளில் செல்லாதாம். நிலத்துக்குச் சொந்தக்காரரான செரோக்கி மக்களே எழுதித் தருகிற சீட்டு வேண்டுமாம், அதுவும் ஒரு நாளுக்கு ஒன்று. சீட்டு எழுதுகிற கடையில் அந்தச் சனத்துப் பிள்ளை ரேச்சல் இருந்தாள். ஒரு கோடைக்குள் நீ இருபது சீட்டு வாங்கி நாலு மீன் பிடித்திருக்கிறாய். மீனுக்காகத்தான் போனாய் என்று என் காதில் பூ வைக்காதே. நானோ பெர்மெசோ என்கிற வதிவிடச் சீட்டைப் புதுப்பிக்கவென்று குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நின்று, பொலிஸ்காரன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவன். நீ பெர்மெசோ எழுதித் தருகிறவளையே கட்டப் போகிறாய். இந்தக் கெட்டித்தனம் எங்கள் பரம்பரையில் ஒருவனுக்கும் வந்ததில்லை என்று கோயில் மண்டபத்தில் சொல்லிச் சிரித்தேன். அது மனம் நிறைந்த சிரிப்பு.

அந்த நாலு மீனில் மூன்றைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டதாக நீ எழுதியிருந்தாய் அல்லவா? அந்த வரியை உன் அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். “விட்டவனோ? பிடிச்ச மீனையோ? பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சலோ?” என்று கேட்டுவிட்டு, அந்தக் கிழமை உன் பெயரில் ஒரு பூசைக்கும் சொல்லிவிட்டாள்.

பிறகு, பெரிய வியாழனுக்கு முந்தின கிழமை, அந்தப் பொதி வந்தது. நாலடி நீளத்தில் உருண்டையான ஒரு மட்டைக் குழாய். உன் அம்மா அதைத் தூரத்தில் நின்றே பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, துவக்கு மாதிரிக் கிடக்கு. தொடாதேங்கோ. பொலிசுக்குச் சொல்லுவம்.”

“பொலிசுக்குச் சொன்னா அவங்கள் எங்களைத்தான் கொண்டு போவாங்கள். பேசாமல் கத்தரிக்கோலைத் தாரும்.”

உள்ளே சிலாகைபோல மெல்லிய ஒரு தூண்டில் கம்பு, மூன்று துண்டாக. ஒரு சுருள். மஞ்சள் நிறத்தில் தடித்த நூல், அதன் நுனியில் கண்ணாடிபோல மெல்லிய தங்கூசி இழை. ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் இறகாலும் மான் மயிராலும் கட்டின பொய்ப் பூச்சிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கொக்கி. அத்தனையும் சம்பந்தி தன் கையால் கட்டினவை. அவர் எழுதின கடிதத்தின் கீழே நீ பென்சிலால் அதைத் தமிழில் பெயர்த்து எழுதியிருந்தாய். அது எனக்கு மனப்பாடம். “உங்கள் மகன் சொன்னான், நீங்கள் பெரிய தண்ணீர்க்காரர் என்று. நான் சின்னத் தண்ணீர்க்காரன். தொட்டியில் மீன்குஞ்சு வளர்த்து, வளர்ந்ததும் எங்கள் ஆறுகளில் விடுவது என் வேலை. சுறாவோடு மல்லுக்கட்டின மனிதருக்கு இந்தக் கம்பு விளையாட்டுச் சாமானாகத் தெரியலாம். ஆனாலும் கல்யாணத்துக்கு முதல் நாள் காலமை, நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஆற்றுக்குப் போவோம். திருக்கை அடித்த அந்தக் கையையும் பார்க்க ஆசை.”

தம்பி, இப்போது கதிரையில் இரு. உன் அப்பன் தன் வாழ்க்கையில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

மன்னாரில் என் அண்ணன்மார் மூன்று பேரும் கடலுக்குப் போனவர்கள் என்பது சரி. பதினேழு வயதில் என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரை கண்ணுக்கு மறைய முதலே நான் ஒருதரம் சத்தி எடுத்தேன், காலமைச் சாப்பாடு முழுக்கக் கடலுக்கு. பெரியண்ணன் வள்ளத்தைத் திருப்பி, என்னை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டு, “நீ ஐசுக்குப் போடா” என்றார். போனேன். ஐஸ் பக்டரியில் பதினாறு வருடம். கட்டி அறுத்து, உமி போட்டு மூடி, உடைத்து, மற்றவன் பிடித்த மீனுக்குமேல் கொட்டினேன். என் இடது உள்ளங்கையில் இருக்கிற தழும்பு, திருக்கை வாலால் அடித்தது என்று உனக்கு நூறு தரம் சொன்னேனே, அது ஐஸ் அறுக்கிற வாள். சுறா வந்தது உண்மை. செத்து, பெட்டியில் வந்தது. அதற்கு நான் ஐஸ் போட்டேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம்.

இதைச் சம்பந்திக்கு எப்படி எழுதுவது? உண்மையைச் சொல்வதைவிடத் தூண்டில் போடப் பழகுவது சுகம் என்று நினைத்தேன். கல்யாணம் செப்டெம்பரில், அப்போது ஐந்து மாதம் கிடந்தது. உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் படித்தேன். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும், ஆகவே பின்பக்கத்தால் போக வேண்டும், நிழல் தண்ணீரில் விழக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருந்தாய். இருபத்தைந்து வருடமாக உன் அம்மாவிடம் நான் இதே முறையில்தான் போய் வருகிறேன். அந்தப் பகுதியில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. கம்பை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, நூல் தலைக்குமேல் வளைந்து போய்ப் பூச்சி பஞ்சுபோல விழ வேண்டும் என்கிற பகுதியில்தான் இடித்தது.

அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டு மொட்டை மாடி உனக்குத் தெரியும்; நீ பந்தடித்து அன்டெனா முறித்த இடம். ஒரு சனிக்கிழமை காலமை அங்கே ஏறினேன். கம்பை முன்னுக்கு ஆட்டினேன், நூல் போனது. பின்னுக்கு ஆட்டினேன், போனது. திரும்ப முன்னுக்கு ஆட்டினால் கனக்கிறது. அடடா, கொக்கியில் ஏதோ மாட்டிவிட்டது என்று உள்ளம் துள்ளி, ஒரு இழுவை இழுத்தேன். மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா கொன்செத்தா எனக்குப் பின்னால் இருந்த கொடியில் காயப் போட்டிருந்த அவளுடைய புருஷனின் உள்காற்சட்டை, பாய்விரித்த கப்பல்போல என் தலைக்குமேல் பறந்து, மதிலைத் தாண்டி, கீழே பல்லரோ சந்தையில் மீன்காரனின் பலகைக்கு இறங்கியது. அங்கே வாள் மூக்கை மேலே நீட்டிக்கொண்டு ஒரு தளப்பத்து மீன்தலை இருந்தது. உள்காற்சட்டை அதில் போய் மாட்டிக்கொண்டது. நூலின் மற்றத் தலைப்பில் நான் நிற்கிறேன்.

மீன்காரன் நூலைப் பார்த்தான், நூல் போன வழியே மேலே பார்த்தான், என்னைக் கண்டான். “டேய், இது எந்தக் கடலிலை பிடிச்சது? கிலோ என்ன விலை?” என்று சிசிலியனில் சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினான். கொன்செத்தா பல்கனிக்கு ஓடி வந்தாள். கத்தப் போகிறாள் என்று நான் குனிந்துகொண்டேன்.

“மாதாவே! முப்பது வருசமாய் என்ரை மனுசனைக் கதிரையாலை எழுப்பேலாமல் நான் கிடக்கிறன். நீ ஒரு கொக்கியிலை அவரிலை பாதியை வெளியிலை எடுத்துப்போட்டாய்!”

அன்றிலிருந்து சந்தையில் எனக்குப் பெயர் பெஸ்கத்தோரே, மீன்பிடிகாரன். உலகத்தில் முதல்தரம் என்னை அப்படிக் கூப்பிட்டது அவர்கள்தான், அதுவும் உள்காற்சட்டைக்காக.

கட்டப் போகிறவன் நீ, ஆகவே சொல்லி வைக்கிறேன். பொய் சொல்வது கோழி வளர்ப்பது மாதிரி. நாளும் தீன் போட வேண்டும், நரிக்குப் பயந்து இரவில் மூட வேண்டும். ஆனால் ஒருநாளும் முட்டை இடாது.

இந்தக் கூத்துக்குள் நான் மறந்துபோனது ஒன்று. எழுதாமல் இருப்பதும் ஒரு கடிதம்தான். அதை வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் வாசித்தது பிலோமினா மச்சாள். உன் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. அவளிடம் ஒரு செய்தி சொன்னால் கோயில் மணி அடிக்கத் தேவையில்லை என்று பங்குச் சுவாமியே சொல்வார். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ன மச்சான், மோனுக்கு மறுமொழி போடேல்லையாமே.”

“வேலை கூட, மச்சாள்.”

“வேலையோ, விருப்பமில்லையோ? சனம் கதைக்குது. மோன் போயும் போயும் காட்டுச் சனத்திலை பொம்பிளை எடுக்கிறான், மச்சான் உடைஞ்சு போனார், வெளியிலை காட்டாமல் மொட்டை மாடியிலை நிண்டு தடியோடை கதைக்கிறார் எண்டு.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். “காட்டுச் சனமோ? அவையள் தங்கடை மண்ணிலை இருந்து மற்றவைக்குச் சீட்டெழுதிக் குடுக்கினம். நீங்களும் நானும் இஞ்சை ஆரின்ரை மண்ணிலை நிண்டு தேத்தண்ணி குடிக்கிறம், மச்சாள்? எங்கடை சீட்டு எப்ப முடியுது எண்டு ஞாபகம் இருக்கோ?”

அவள் கைப்பைக்குள் தன் பெர்மெசோவைத் தேடினாள். பிறகு கேட்டாள், “அப்ப ஏன் மச்சான் எழுதேல்லை?” அதில் கேலி இருக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள்.

அன்று பின்னேரம்தான் நீ தொலைபேசி எடுத்தாய். நான் வழக்கம்போலக் குளிக்கப் போனேன். கதவுக்குப் பின்னால், உடுப்போடு, தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அம்மா பேசி முடித்துவிட்டு வந்து கதவில் தட்டினாள்.

“தண்ணியைப் பூட்டுங்கோ. ‘பப்பாவுக்கு ரேச்சலைப் பிடிக்கேல்லையோ’ எண்டு பிள்ளை கேக்கிறான். அவள் தன்னட்டைக் கேட்டு அழுறாளாம். தகப்பன் அனுப்பின தூண்டில் வந்து சேர்ந்துதோ எண்டுகூட ஒரு சொல்லு இல்லையாம். அந்த மனுசன் கடிதப்பெட்டியை ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கிறாராம்.”

நான் குழாயைப் பூட்டினேன்.

“நீங்கள் எழுதுறியளோ, நான் எழுதட்டோ? நான் எழுதினா எல்லாத்தையும் எழுதுவன். வள்ளத்திலை சத்தி எடுத்ததையும் எழுதுவன்.”

உன் அம்மா மன்னார்க்காரி. எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பதினாலு வருடம் நான் உனக்குச் சுறாக் கதை அவிழ்த்தபோதெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவள். அந்த வெங்காயத்துக்கு நான் என்ன கைமாறு செய்யப் போகிறேன்?

இனி, இந்தப் பொய் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். உனக்குப் பத்து வயது. இங்கே வந்து சில மாதம். நான் மாக்கேதா வீதிப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் குடியிருந்த பொடியன் உன் வகுப்பு. அன்று நீ அவனோடு விளையாட வந்தாய். இரண்டு பேரும் படியேறி வருகிறீர்கள். நான் வாளியோடு முழங்காலில் நிற்கிறேன். உன்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பிள்ளை தெரியாத மாதிரிப் போகட்டும், அவனுக்கு வெட்கமாக இருக்கும் என்று. நீ நின்றாய். “பப்பா!” என்று கூப்பிட்டாய். அந்தப் பொடியனிடம் இத்தாலியனில், “இது என்ரை பப்பா” என்றாய். அவன் வாளியைப் பார்த்துச் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. நான் துடைத்த ஈரப் படியில் அடி வைக்காமல், கரையோரமாக, நுனிக்காலில் ஏறிப் போனாய்.

அன்று வீடு திரும்பும்போது பல்லரோ வழியாக நடந்தோம். நீ கேட்டாய், “பப்பா, பள்ளிக்கூடத் தாளிலை பப்பாவின்ரை லவோரோ, வேலை, என்ன எண்டு கிடக்கு. என்ன எழுதுறது?” மீன்பலகையில் ஒரு பெரிய தளப்பத்து மீன் கிடந்தது. “இதைவிடப் பெரிசு நான் பிடிச்சனான் தெரியுமோ?” என்றேன். உன் கண் விரிந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். ‘பெஸ்கத்தோரே’ என்று நீ அந்தத் தாளில் எழுதினாய்.

இத்தனை வருடம், உனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று என்னையே நம்பவைத்திருந்தேன். அன்று குளியலறைக் கதவுக்குப் பின்னால், சட்டை நனைய நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நீ என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை. படிக்கட்டில் சத்தமாக ‘பப்பா’ என்று கூப்பிட்டவன் நீ. முகத்தைத் திருப்பினவன் நான். இப்போதும் அதையே செய்திருக்கிறேன், இந்தமுறை உன்னோடு ஒரு பெண்பிள்ளையும் அவளுடைய தகப்பனும் படியேறி வரும்போது.

மன்னிப்புக் கேட்கிறேன். ரேச்சலிடம் தனியாகக் கேட்பேன். அதற்கு வேண்டிய இங்கிலீசைக் கொன்செத்தாவின் பேத்தியிடம் படிக்கிறேன். இந்தக் கடிதத்தை முழுக்க மொழிபெயர்த்துச் சம்பந்திக்கு வாசித்துக் காட்டு. உள்காற்சட்டைப் பகுதியை மட்டும் விட்டுவிடு என்று எழுத நினைத்தேன். வேண்டாம், அதையும் வாசி. உறையை ஒட்டுவதற்கு முன் பிலோமினா மச்சாளிடம் இரண்டு நாள் கொடுத்து வைப்பேன். ஊரறியச் சொன்ன பொய், ஊரறியத்தான் போக வேண்டும். அவளைவிட மலிவான அச்சகம் பலெர்மோவில் இல்லை.

நாங்கள் வருகிறோம். அம்மா வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா விசாவுக்குக் கடிதம் எழுதித் தந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலமை நான் ஆற்றுக்கும் வருவேன். ஆறு முழங்கால் அளவுதான், அது ஆடாது, கால் நிலத்திலேயே நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு பொலித்தீன் பை கொண்டுவருகிறேன். எனக்கான சீட்டை ரேச்சலே தன் கையால் எழுதட்டும். அதில் தொழில் என்று ஒரு இடம் இருந்தால், படிக்கட்டு துடைக்கிறவர் என்று போடச் சொல். தழும்பைச் சம்பந்திக்குக் காட்டுவேன், வாளின் கதையோடு. மீன் பிடிப்பது அவர் பாடு. அதைச் சமைப்பது உன் பாடு. ஆற்றிலிருந்து அடுப்புவரைக்கும் இருக்கிற தூரத்தை என்னிடம் விடு. மீனை வயிறு கீழே இருக்க எப்படி அடுக்குவது, எந்தக் கனத்துக்கு ஐஸை நொறுக்குவது, இரண்டாம் நாளும் கண் வெளுக்காமல் எப்படி வைத்திருப்பது என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவு ஒரு பெரிய தண்ணீர்க்காரனுக்கும் தெரியாது. இது பொய் இல்லை. ஐஸ் மட்டும் வாங்கி வை.

அன்புடன்,
பப்பா

தம்பி, இது அம்மா. வாசிச்சுப் பாத்தன். ஒரு பிழை கிடக்கு. ஒருதரம் இல்லை, மூண்டு தரம் சத்தி எடுத்தவர். பெரியண்ணன் எனக்குச் சொன்னவர். இன்னொண்டு இவருக்கே தெரியாது, கேட்டதும் இல்லை. எனக்கு அப்ப ரெண்டு சம்பந்தம் வந்தது. மற்றது நல்ல கடல்காரன், சொந்தமாய் வள்ளம் வைச்சிருந்தவன். எங்கடை ஐயாவை, உன்ரை அம்மப்பாவை, கடல் கொண்டுபோன பிறகு, கரையிலை நிண்டு தண்ணியைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது எண்டு சொல்லிப் போட்டன். பின்னேரம் நாலரைக்கு ஐஸ் பக்டரிச் சங்கு ஊதும். அஞ்சு மணிக்கு இவர் வீட்டை நிப்பார். அதுக்குத்தான் இவரைக் கட்டினனான். நீயும் மீன் பிடிச்சது போதும், விட்டதும் போதும். அந்தப் பிள்ளையை வாசலைப் பாத்துக்கொண்டு நிக்க வைக்காமல் நேரத்துக்கு வீட்டை போ.